பெட்ரோல் ஒழுகிய பழைய பிக்கப்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

முடோன் தோட்டம்

பழுது பார்த்து ஆறு மாதம் ஆகிவிட்டது. வண்டி இப்போது ஒரு சொட்டுக்கூட ஒழுகுவதில்லை. ஆனாலும் ஒரு சோப்புத் துண்டு என் மனத்தை விட்டு அகலவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய ஹைலக்ஸ், கார்புரேட்டர் வண்டி. இங்கே பர்மாவில், முடோனிலிருந்து மௌல்மீனுக்கு ரப்பர் ஷீட் ஏற்றிப் போக வாங்கினேன். ஏறத்தாழ 18 மைல் ஓட்டம். விற்றவர் எங்கள் கோவிலில் பால்குடம் எடுக்கும்போது எனக்கு முன்னால் நடப்பவர். அதனால் பேரம்கூடப் பேசவில்லை. முதல் வாரமே பெட்ரோல் வாடை. டேங்கை நிரப்பினால் ஒழுகும். பாதிக்குக் கீழே இறங்கினால் ஒழுகல் நின்றுவிடும். ஒரு மாதம் பாதி மட்டும் ஊற்றி ஓட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் நீண்ட ஓட்டம் என்று நிறைய ஊற்றியிருந்தேன். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். டேங்கைத் தாங்கும் இரும்புப் பட்டைக்குப் பின்னால் மண் அடைந்து இறுகிக் கிடந்தது. இரண்டு தகடும் சேரும் மடிப்பில் ஓரிடத்தில் மட்டும் கறுப்புப் பெயிண்ட் தடித்திருந்தது. நகத்தால் கீறினேன். பெயிண்ட் பொருக்காக உரிந்தது. உள்ளே வெளிர்மஞ்சளாக, கெட்டி வெண்ணெய் போல ஒன்று நகத்தில் ஏறியது. முகர்ந்தேன். துணி துவைக்கும் சோப்பு. அடுத்த நொடி பெட்ரோல் மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை ஓடியது. அப்படி ஒரு குளிர்ச்சி.

துளையில் சோப்பைத் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை கோவில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "வண்டி எப்படி ஓடுகிறது, தம்பி?" என்று கேட்டார். "நன்றாக ஓடுகிறது, அண்ணே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வேறொரு பழைய டேங்க் தேடி மாட்டிவிட்டேன். செலவானது பெரிதில்லை.

டல்லா அக்கா

தம்பி, உங்களுக்குக் கையில் ஓடியது. எங்களுக்குச் சூடான சைலன்சரில் சொட்டியது.

என் கணவர் டல்லா படகுத்துறையிலிருந்து லைன் கார், அதாவது ஆள் ஏற்றும் பிக்கப், ஓட்டினார். எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய் வெடித்துவிட்டது. அன்று கடையில் சரியான குழாய் கிடைக்கவில்லை. மீன் தொட்டிக்குப் போடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை வெட்டி மாட்டினார். "பெட்ரோல் ஓடுவது கண்ணுக்கே தெரிகிறது பார்" என்று எனக்குக் காட்டவும் செய்தார். மூன்றே வாரத்தில் அது மஞ்சளாகி, குச்சி போல விறைத்துவிட்டது.

மழைக்காலம். பின்னால் பதினைந்து பேர். நான் மகனை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இடப்பக்கம் இருந்தேன். பானெட் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை. மழைத்தண்ணீர்தான் ஆவியாகிறது என்று நினைத்தேன், பிறகுதான் வாடை வந்தது. "நிறுத்துங்கள்" என்று கத்திவிட்டுக் கதவைத் திறந்து குதித்தேன்.

குதித்த இடம் நடுச்சாலை. 1970இல் நாடு வலப்பக்கம் ஓட்டும் வழக்கத்துக்கு மாறியது உங்களுக்குத் தெரியும்; வண்டிகளில் பலவும் ஜப்பானிலிருந்து வலப்பக்க ஸ்டியரிங்கோடு வந்தவைதான். ஓட்டுநர் ஓரத்தில் இறங்குவார். பக்கத்தில் இருப்பவர் எதிரே வரும் வண்டியின் முன்னால் இறங்க வேண்டும். ஒரு லாரி என் முந்தானையை இழுத்துக்கொண்டு போவதுபோல உரசிச் சென்றது. மகனின் ஒரு செருப்பு அதன் சக்கரத்தில் நசுங்கியது. பெட்ரோல் பற்றியிருந்தால்கூட அவ்வளவு நெருக்கத்தில் சாவைப் பார்த்திருக்க மாட்டேன்.

யாரோ வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். வண்டியில் தொங்கிவரும் ஸ்பேர் பையன் (ஓட்டுநரின் உதவியாள்) அதைத் தடுத்து, ஓரத்து மணலை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு நின்றான். பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து நெருப்பைப் பரப்பும் என்று பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. நல்லவேளை, பற்றவில்லை.

பட்டறைத் தாத்தா

முடோன் தம்பி டேங்கை மாற்றியது அவசரப்பட்ட வேலை. பழைய டேங்குக்குப் பதில் இன்னொரு பழைய டேங்க். அதன் உள்ளே துரு எவ்வளவு என்று டார்ச் அடித்துப் பார்த்தீர்களா? மடிப்பில் ஊசித்துளை மட்டும் என்றால், கழற்றி, சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவி, நீராவி விட்டு, துளைக்குக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, தள்ளிவைத்துக் காய்ச்சிய இரும்பால் ஈயம் வைத்தால் பல ஆண்டு நிற்கும். சுடர் கிட்டே வரவே கூடாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தட்டோனில் என் பட்டறையில் ஒரு பையன் இருந்தான். இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்துக் காயவைத்த டேங்க், சொட்டுப் பெட்ரோல் இல்லை, வெல்டிங் வைக்கலாம் என்று நானே சொன்னேன். சத்தம் கேட்டுத் திரும்பியபோது தகரக் கூரையில் ஓட்டை. அதன் வழியாக வெயில் அவன் முகத்தில் விழுந்திருந்தது. உயிர் பிழைத்தான். இடக்காது போயிற்று. இன்றும் அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொடுகிறேன்.

காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி இருந்தாலே பற்றும். எட்டுப் பங்கைத் தாண்டினால் பற்றாது. நிறைந்த டேங்கைவிட வெறும் டேங்க் கொடியது என்பது அதனால்தான். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து, பத்தடி தள்ளி எரியும் அடுப்பைத் தேடிப் போகும். பள்ளத்தில் நிறுத்தி வேலை செய்யாதீர்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள்.

ஒழுகலைத் தேடும் விதமும் சொல்கிறேன். நனைந்திருக்கும் இடம் ஒழுகும் இடமாக இருக்காது. பெட்ரோல் குழாயோடு ஓடிவந்து தாழ்ந்த முனையில் சொட்டும். எல்லாவற்றையும் துணியால் துடைத்து, தனக்காப் பவுடரை (முகத்தில் பூசும் மரப்பட்டைத் தூள்) தூவுங்கள். முகத்துக்கு வாங்கிவைத்த டப்பாவே போதும். பேட்டரியை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு எட்ட நின்று பாருங்கள். மங்கிய மஞ்சளில் ஒரு கடுகு அளவு கறுக்கும், அதுதான் வாய். நிறைந்தால் மட்டும் ஒழுகினால் ஊற்றும் கழுத்துக் குழாயையும் டேங்கின் மேல்மூடி ரப்பரையும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் என்றால் பம்பும் குழாய்களும். எஞ்சின் ஆயில் அளவு தானாக ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் பம்பின் உள்சவ்வு கிழிந்து பெட்ரோல் எஞ்சினுக்குள் போகலாம், வெளியே சொட்டாமலும் இருக்கலாம். கார்புரேட்டர் வழிந்தால் மிதவை ஊசியில் தூசி. டல்லா அம்மா சொன்ன பிளாஸ்டிக் குழாயைப் பற்றி என்ன சொல்ல! பெட்ரோலுக்கென்று செய்த ரப்பர் குழாய் தவிர எதுவும் வேண்டாம். கார்புரேட்டர் குழாயை இன்ஜெக்ஷன் வண்டிக்கும் போடாதீர்கள். அங்கே அழுத்தம் பல மடங்கு.

பெகு நெல்

ஐயா, தெரிந்துகொண்டேன், நன்றி. ஆனால் சோப்பை மோசடியாக்கிப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ரங்கூன் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை அழைத்துவந்த இரவு, கல் ஒன்று டேங்கில் அடித்துவிட்டது. பெகுவுக்கு இன்னும் முப்பது மைல். தேநீர்க் கடை அம்மா பாத்திரம் கழுவும் சோப்பை வெட்டிக் கொடுத்தார்; நான் அதைப் பிசைந்து துளையில் அழுத்தியபோது என் அம்மா இருக்கையில் சாய்ந்தபடி, "ஒழுகல் நின்றதா, ஐயா?" என்று கேட்டார். நின்றது. பெட்ரோல் சோப்பைக் கரைக்காது. வீடு வந்தோம். அம்மா என்னிடம் முழு வாக்கியமாகக் கேட்ட கடைசிக் கேள்வி அது.

ஆகவே சோப்பு அல்ல தப்பு. வாங்குபவரிடம் சொல்லாததுதான் தப்பு. அதுவும், முடோன் தம்பி, சோப்பை வைத்தவர் அவர்தான் என்று எப்படித் தெரியும்? அவருக்கு முன்னால் எத்தனை கை மாறிய வண்டி அது? கேட்டீர்களா?

முடோன் தோட்டம்

கேட்கவில்லை, அண்ணே. பெயிண்ட் புதிதாக இருந்ததால் அவர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் வாங்கும்போதே அந்தப் பெயிண்ட் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தாத்தா, புது டேங்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் துரு இருக்கிறது. வடிகட்டியை மாற்றிவிட்டேன், பழைய டேங்கையும் வைத்திருக்கிறேன்.

அந்தச் சோப்பைக் காகிதத்தில் மடித்து டாஷ்போர்டில் போட்டிருந்தேன். இன்று எடுத்துப் பார்த்தேன். என் நகக்கீறல் அப்படியே இருக்கிறது. நாளை வெள்ளிக்கிழமை. அதைக் கொண்டுபோய் அவரிடம் காட்டிக் கேட்கிறேன்.