ரக் உள்பக்கம் நனைகிறது: துவைத்து வாட்டர்ப்ரூஃப் போடலாமா, புதிது வாங்க வேண்டுமா?

ரேவதி_புல்வெளி | மே 22, காலை 6:52
எல்லோருக்கும் வணக்கம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கேட்கிறேன். என் குதிரைக்குக் குளிருக்கும் மழைக்கும் போர்த்துகிற ரக் (போர்வை) மூன்று நாளாக உள்பக்கம் ஈரமாக இருக்கிறது. இன்று காலை கழற்றும்போது லைனிங்கில் கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. வாட்டர்ப்ரூஃப் போய்விட்டது போல. துவைத்துவிட்டு மறுபடி பூசினால் போதுமா, இல்லை தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டுமா? புது ரக் விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. எனக்குச் சனிக்கிழமைதான் நேரம். தெரிந்தவர்கள் அதற்குள் சொல்லுங்கள்.

கேப்_தென்றல் | காலை 7:20
அக்கா, யோசிக்கவே வேண்டாம், பூசிவிடுங்கள். ஜூன் வந்துவிட்டால் மழை விடாது. போன வருடம் ஒரு தடவை பூசியதோடு விட்டேன், ஜூலை பாதியிலேயே தோள்பக்கம் ஒழுக ஆரம்பித்துவிட்டது. இந்த வருடம் இரண்டு பூச்சு. முதல் பூச்சு காய்ந்ததும் தையல் மேல் மட்டும் இன்னொரு தடவை. ஸ்ப்ரே வாங்காதீர்கள், பாதி காற்றோடு போய்விடும். ஸ்பாஞ்சில் தொட்டுத் தேய்க்கிற வகைதான் சிக்கனம்.

ஊசிநூல் | காலை 7:41
எந்த மாதிரி ரக் என்று சொல்லவில்லையே. கான்வாஸா, நைலானா, பாலியஸ்டரா? நூலின் தடிமன் எத்தனை டெனியர்? உள்ளே பஞ்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்? நான் ரக் ரிப்பேர் செய்து கொடுக்கிறவள். என்னிடம் ஒழுகுகிறது என்று வருபவற்றில் பாதிக்குத் துணி நன்றாகவே இருக்கும், முதுகின் மேல் ஓடும் தையலில் ஊசித்துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். சிலர் கிழிசலைத் தாங்களே பருத்தி நூலால் தைத்துவிடுகிறார்கள். அந்த நூல் ஈரத்தில் மட்கிப் போகும். பஞ்சில்லாத ரக் என்றால் தலைக்கு மேல் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிகிற இடம்தான் ஒழுகுகிற இடம்.

பழைய_லாயம் | காலை 8:05
ரேவதி, உங்கள் கேள்வியில் ஊர் இல்லை, குதிரை எப்படிப்பட்டது என்று இல்லை, மழை பெய்ததா என்றும் இல்லை. டாக்டரிடம் போய் வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் அவர் என்ன மருந்து கொடுப்பார்? இது தெரியாமல் இரண்டு பூச்சு பூசச் சொல்கிறவர்களும் கொஞ்சம் பொறுக்கலாம். கேட்பவர்கள் எல்லாரும் இதே தவறைத்தான் செய்கிறார்கள்.
எனக்கு ஒன்று தெரிந்தால் போதும். லைனிங்கில் ஈரம் எந்த இடத்தில்? முதுகின் நடுவே கோடு போலவா, தோளில் திட்டாகவா, இல்லை விலா முழுக்கவா? இதற்குப் பதில் வரும்வரை எதையும் வாங்காதீர்கள்.

சாட்ஸ்வர்த்_மாமா | காலை 9:30
ரேவதிம்மா, கடைப் பவுடர் எதையும் போட்டுவிடாதே. பூந்திக்கொட்டையை இரவே ஊறவை. காலையில் கசக்கி நுரை எடுத்து, அந்தத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய். என் அம்மா தன் பட்டுப் புடவைகளை அப்படித்தான் துவைப்பார்கள். கல்யாணப் புடவை இன்றும் என் மகள் கட்டுகிற நிலையில் இருக்கிறது. பட்டையே காப்பாற்றுகிற பொருள் இந்த ரக்கைக் கெடுத்துவிடுமா?

ரேவதி_புல்வெளி | மதியம் 12:50
மன்னிக்கவும், மீட்டிங்கில் இருந்தேன். பாலியஸ்டர், 600 டெனியர், 300 கிராம் பஞ்சு. போன வருடம் பழையதாக வாங்கியது. குதிரை தென்னாப்பிரிக்காவில், குவாசூலு-நட்டாலின் மூயி ரிவர் பக்கம் ஒரு லாயத்தில் இருக்கிறது. பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட், 9 வயது. போன செப்டம்பரில் இந்த ரக்கை வீட்டு வாஷிங் மெஷினில் துவைத்தேன். நாற்றம் போக வேண்டும் என்று துணியை மென்மையாக்கும் திரவமும் ஊற்றினேன். மாமா, பூந்திக்கொட்டைக்கு நன்றி, பார்க்கிறேன்.

குளம்படி | மதியம் 1:15
அந்தத் திரவம்தான் குற்றவாளி அக்கா. அது நூலிழைகளின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் உருண்டு ஓடாது, பரவி ஊறும். சாதாரண சலவைத்தூளும் அப்படித்தான் மிச்சத்தை விட்டுவைக்கும். ரக்குக்கென்று வருகிற கழுவும் திரவம் வேண்டும். நிக்வாக்ஸ் கம்பெனியில் கழுவ ஒன்று, பூச ஒன்று என்று இரண்டு வருகின்றன. 30 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம், டிரையரில் போடவே கூடாது.
வீட்டு மெஷினிலும் இனிமேல் போடாதீர்கள். நனைந்த 300 கிராம் ரக்கைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். கொக்கிகள் டிரம்மை அடிக்கும், முடி போய் ஃபில்டரை அடைக்கும். சிமெண்டுத் தரையில் விரித்து, முதலில் காய்ந்த சேற்றைப் பிரஷால் தட்டிவிட்டு, அப்புறம் ஹோஸ் பிடித்துத் தேய்ப்பதே போதும்.

பழைய_லாயம் | மதியம் 1:40
மாமாவுக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். பட்டுப் புடவை மழையில் நிற்பதில்லை. நுரை வருகிற எதுவும் தண்ணீரைத் துணிக்குள் இழுக்கும், அதனால்தான் அழுக்கு போகிறது. பூந்திக்கொட்டையின் நுரையும் நுரைதான். துணியில் தங்கிவிட்டால் மழைத் தண்ணீரையும் அதே போல் உள்ளே இழுக்கும்.
ரேவதி, நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

சாட்ஸ்வர்த்_மாமா | மதியம் 2:10
தங்கவிடு என்று யார் சொன்னது தம்பி? தெளிந்த தண்ணீர் வரும்வரை நாலு தடவை அலசு என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அலசாமல் விட்டால் உங்கள் நிக்வாக்ஸும் இதைத்தான் செய்யும்.

குளம்படி | மதியம் 2:22
மாமா சொன்னதில் அலசுவது முக்கியமான விஷயம். எதில் கழுவினாலும் சரி, கடைசித் தண்ணீரைக் கையில் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது.

மலையோரம் | மாலை 3:35
அண்டர்பெர்க்கிலிருந்து எழுதுகிறேன். எதற்கு இந்த ரக்கே? சானி கணவாய்க்கு மேலே, லெசோத்தோ மலையில், 2,800 மீட்டருக்கும் அதிக உயரத்தில், பனி விழும்போதுகூட பசோதோ குதிரைகள் வெற்றுடம்போடுதான் மேய்கின்றன. கம்பளி போர்த்தியிருப்பது மேலே உட்கார்ந்திருக்கிற ஆள்தான். குளிர் வந்தால் குதிரையின் ரோமம் நிமிர்ந்து நிற்கும், இடையில் காற்று தங்கும், அந்தக் காற்றுதான் சூட்டைப் பிடித்துவைக்கிறது. அதன் மேல் பாரமான ரக்கைப் போட்டு அமுக்கினால் அந்த அமைப்பையே கெடுக்கிறோம். என் நான்கு குதிரைகளும் ரக் பார்த்ததே இல்லை.

குளம்படி | மாலை 3:50
அண்ணா, தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்ந்த குதிரையையும் பந்தய லாயத்தில் வளர்ந்த தரோபிரெட்டையும் ஒன்றாக வைக்கலாமா? தரோபிரெட்டுக்குத் தோல் மெல்லியது, ரோமம் குட்டை. இரண்டு வயதிலிருந்தே மேலே ஏதாவது போர்த்தித்தான் வைத்திருப்பார்கள். என்னிடம் இப்படி ஒன்று இருக்கிறது. முதல் குளிர்காலத்தில் ரக் வேண்டாம் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டேன். ஆகஸ்டில் விலா எலும்பை எண்ண முடிந்தது. தின்றதெல்லாம் சூட்டுக்கே போய்விட்டது. அந்தக் குற்ற உணர்வு இன்றும் போகவில்லை.

மலையோரம் | மாலை 4:02
வைக்கோலைக் கூட்டிக் கொடுத்திருந்தால் எடை குறைந்திருக்காது. நார்த்தீனி குடலில் செரிக்கும்போதுதான் குதிரைக்கு உள்சூடு வருகிறது. ரக்கை நம்பித் தீனியைக் குறைக்கிறவர்களை எவ்வளவோ பார்த்துவிட்டேன்.

குளம்படி | மாலை 4:09
தீனியைக் குறைத்தேன் என்று நான் சொல்லவே இல்லை. குதிரையின் முன்னால் எப்போதும் வைக்கோல் இருந்தது.

பழைய_லாயம் | மாலை 4:30
இரண்டு பேரும் தனிப் பதிவு தொடங்கிக்கொள்ளுங்கள். இங்கே ஒரு குதிரை ஈர ரக்கோடு நிற்கிறது.
ரேவதி, மூயி ரிவரில் இந்த மாதம் மழை பெய்ததா?

ரேவதி_புல்வெளி | இரவு 7:25
மழையா? இல்லை, மூன்று வாரமாக ஒரு துளிகூட இல்லை. ஈரம் தோள், விலா, பின்பக்கம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. முதுகில் தனிக் கோடு எதுவும் இல்லை. மாலை 4 மணிக்கே ரக்கைப் போட்டுவிடுகிறேன். சூரியன் இறங்கினால் மிட்ஜ் என்கிற கடிக்கும் சின்னப் பூச்சி வந்துவிடும், எனக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை வண்டி ஓட்ட வேண்டும்.

பழைய_லாயம் | இரவு 7:48
இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேர் எழுதியிருக்க வேண்டியதில்லை. உங்கள் ரக் ஒழுகவில்லை. குதிரை வியர்க்கிறது.
ஒழுகுகிற ரக்கில் தண்ணீர் தையலிலும் கிழிசலிலும்தான் இறங்கும், அதனால் கோடாகவோ திட்டாகவோ தெரியும். உடம்பு முழுக்க ஒரே சீராக ஈரம், தொட்டால் பிசுபிசுப்பு, கூடவே உப்பு வாடை என்றால் அது வியர்வை. நம் நட்டால் மிட்லண்ட்ஸில், குளிர்காலம் தொடங்குகிற மே மாதத்தில், பகலில் 20 டிகிரி வரும், விடியற்காலை புல்லில் உறைபனி இருக்கும். நீங்கள் 4 மணி வெயிலில் விடியற்காலைக் குளிருக்கான ரக்கைப் போடுகிறீர்கள். இருட்டுவதற்குள் வியர்த்துவிடுகிறது. அப்புறம் குளிர் இறங்கும்போது அந்த ஈரம் ஆறி உடம்பைக் குளிர வைக்கிறது. ரக் இல்லாமல் நிற்பதைவிட மோசம் அது. போதாததற்கு, வெளித்துணியில் ஒட்டியிருக்கிற அந்தத் திரவமும் வியர்வை ஆவி வெளியே போவதைத் தடுக்கலாம்.
நாளை போட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தோளுக்குப் பின்னால் ரக்கின் அடியில் கை விடுங்கள். சூடாக, நசநசவென்று இருந்தால் நான் சொன்னதுதான்.
சனிக்கிழமை ஒரு சோதனை செய்யுங்கள். ரக்கை வேலியில் விரித்து மேலே ஹோஸ் தண்ணீரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். வெளித்துணி கறுத்து ஊறி, உள்ளே லைனிங் காய்ந்தே இருந்தால், மேல்பூச்சு மட்டும்தான் போயிருக்கிறது. கழுவிப் பூசினால் திரும்ப வரும். உள்ளேயும் நனைந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கேப்_தென்றல் | இரவு 8:10
அக்கா, மன்னித்துவிடுங்கள். எங்கள் கேப் டவுனில் மழைக்காலமும் குளிர்காலமும் ஒன்றுதான். உங்களுக்கு அக்டோபருக்கு அப்புறம்தான் மழை என்பதை மறந்தே போனேன். இரண்டு பூச்சு என்று சொன்னதை விட்டுவிடுங்கள்.

குளம்படி | இரவு 8:26
மிட்ஜுக்காக 300 கிராம் போடுகிறீர்கள் என்றால் அதில் பலனில்லை அக்கா. கால், வயிறு, முகம் எல்லாம் திறந்துதானே கிடக்கிறது? மிட்ஜ் பரப்புகிற ஆப்பிரிக்கக் குதிரை நோயை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பக்கத்து லாயத்தில் காலையில் புல் மேய்ந்த குதிரை, மறுநாள் மூக்கில் நுரை தள்ளிச் செத்துப் போனது. அதனால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. உறைபனி நன்றாக விழுந்து மிட்ஜ் அடங்கும்வரை, சூரியன் இறங்கும் முன்பே குதிரையைக் கொட்டிலுக்குள் விடச் சொல்லுங்கள். கதவில் நெருக்கமான வலை, உள்ளே ஒரு ஃபேன். மிட்ஜ் பலவீனமாகப் பறக்கிற பூச்சி, ஃபேன் காற்றை எதிர்த்து வராது. பூச்சிவிரட்டியும் தடவலாம். தடுப்பூசி விஷயம் உங்கள் கால்நடை மருத்துவருக்குத் தெரியும். கனமான ரக்கை இரவு லாயக்காரரைப் போடச் சொல்லுங்கள்.

ஊசிநூல் | இரவு 9:00
ரேவதி, பூசுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வெளித்துணியின் உட்புறத்தில் ஒரு ரப்பர் மாதிரிப் பூச்சு இருக்கும், உண்மையில் தண்ணீரைத் தடுப்பது அதுதான். லைனிங் தையல் விட்டிருக்கிற இடத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். வழவழவென்று இருந்தால் ரக்குக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. செதில் செதிலாக உதிர்ந்தாலோ, பசை மாதிரி ஒட்டினாலோ அந்தப் பூச்சு சிதைந்துவிட்டது. மேலே எதைப் பூசினாலும் நிற்காது, அந்தக் காசைப் புது ரக்குக்கு வையுங்கள். ஈரத்தோடு மடித்துத் தகரக் கொட்டகையில் வைத்த ரக்குகள்தான் பெரும்பாலும் இப்படி ஆகின்றன. சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு தாங்காது.
நன்றாக இருந்தால், கழுவி அலசிய ரக் ஈரமாக இருக்கும்போதே ஸ்பாஞ்சில் பூசுகிற வகையை வாங்குங்கள். காய்ந்த துணியில் திட்டுத் திட்டாக நிற்கும், ஈரத்துணியில் சீராகப் பரவும். முதுகு, தோள், வால் மடிப்பு, இந்த மூன்று இடத்துக்கும் தாராளமாக. நிழலில் காயப்போடுங்கள், பஞ்சு காய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை மாற்று ரக் இருக்கிறதா?

ரேவதி_புல்வெளி | மே 25, சனி, மாலை 5:40
சோதனை செய்தேன். வெளியே ஊறியது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. உட்பூச்சு வழவழவென்றுதான் இருக்கிறது. நேற்று முன்தினம் 5 மணிக்குக் கை விட்டுப் பார்த்தபோது உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. நேற்று இரவு 8 மணிக்கு லாயக்காரர் போட்டார், இன்று காலை லைனிங் காய்ந்திருந்தது. இனி கழுவிப் பூசுவதைச் செப்டம்பரில் வைத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் நன்றி. முதுகில் சின்னச் சின்னப் பொருக்கு இருக்கிறது, பிய்த்தால் முடியோடு வருகிறது. இது வியர்வையாலா?

பழைய_லாயம் | மாலை 5:52
செப்டம்பர் வேண்டாம், நாளையே கழுவுங்கள். பூசுவதை மட்டும் தள்ளி வையுங்கள். ஈரத்தில் ஊறிய தோலில் டெர்மட்டோஃபிலஸ் என்கிற கிருமி பிடித்தால் இப்படித்தான், முடி குச்சம் குச்சமாகப் பொருக்கோடு கழன்று வரும். படர்தாமரையாகவும் இருக்கலாம், அது உங்கள் கைக்கும் ஒட்டும். பிய்க்காதீர்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குதிரையின் பிரஷையும் ரக்கையும் வேறு குதிரையின் மேல் படவிடாதீர்கள். மருத்துவர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

சாட்ஸ்வர்த்_மாமா | இரவு 8:15
தம்பி சொல்வதைக் கேள் அம்மா. இந்த விஷயத்தில் பூந்திக்கொட்டை வேண்டாம்.

குளம்படி | ஜூன் 3, காலை 7:05
ரேவதி அக்கா, பொருக்கு என்ன ஆயிற்று? மருத்துவர் வந்தாரா?