புதுப்பிப்பு: சொந்தப் பெயரிலேயே நடித்தவர்கள்

சிட்காமில் (டிவி நகைச்சுவைத் தொடரில்) சொந்தப் பெயரோடு வரும் நடிகர்கள் பற்றிய என் முந்தைய இழையில் ஜெர்ரி சைன்ஃபெல்ட், ரே ரொமானோ, டோனி டான்சா மூவரைச் சொல்லியிருந்தேன். அமெரிக்க 'தி ஆஃபீஸ்' (2005–2013) எங்கே என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி, அதற்காகவே இது.

ஏஞ்சலா கின்சி, ஆஸ்கர் நூன்யெஸ் இருவருக்கும் முதல் பெயர் அப்படியே, குடும்பப் பெயர் மட்டும் வேறு. ஃபிலிஸ் ஸ்மித் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் நடிகர் தேர்வுக் குழுவில் வேலை பார்த்தவர். ஆடிஷனுக்கு வந்தவர்களுக்கு எதிர் வசனம் படித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அலட்டலில்லாத குரல் இயக்குநருக்குப் பிடித்துப்போய், அவருக்கே ஃபிலிஸ் என்ற பாத்திரம் கொடுத்து, தொடரின் அலுவலகத்தில் ஒரு மேசை போட்டுவிட்டார்கள். அப்படி வந்தவர் ஒன்பது சீசனும் இருந்தார்!

அப்புறம் கிரீட் பிராட்டன். இவருக்கு முழுப்பெயரும் அதேதான். 1960களில் 'தி கிராஸ் ரூட்ஸ்' இசைக்குழுவில் நிஜமாகவே கிதார் வாசித்தவர். கடைசி எபிசோடில் கிதாரோடு உட்கார்ந்து அவர் பாடுவது அவருடைய சொந்தப் பாட்டு. அங்கே பாத்திரம் எது, மனிதர் எது என்று எனக்குப் பிரிக்கவே தெரியவில்லை. பார்க்காதவர்கள் அந்தக் காட்சியையாவது பாருங்கள்.

அடுத்து டோனி டான்சா. 'டாக்ஸி'யில் டோனி பான்டா, 'ஹூஸ் தி பாஸ்?' தொடரில் டோனி மிசெல்லி. அவரைப் பற்றித் தனியாகவே எழுதுகிறேன்.