வேலூர் டவுனுக்குள்ள ஸ்டார் ஓட்டல் கட்ட தனியாருக்கு அரசு காசு குடுக்கலாமா?

கோட்டைமதில் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இங்க லாட்ஜ் வச்சிருக்கவங்க, ஆடிட்டருங்க, வெளிநாட்டுல இருக்கற நம்ம ஊர்க்காரங்க எல்லாம் இருக்கீங்க, அதான் கேக்கறேன். 2025 மத்திய பட்ஜெட்ல 50 சுற்றுலா இடத்த மாநிலங்களோட சேந்து டெவலப் பண்றோம், நிலத்த மாநிலம் குடுக்கணும், அங்க கட்டற ஓட்டல, நீண்ட காலக் கடன் சுலபமா கிடைக்கற உள்கட்டமைப்பு லிஸ்ட்ல சேத்துக்கறோம்னு சொன்னாங்க இல்ல, அதுலேர்ந்து எங்க டீக்கடைல இதே பேச்சுதான். கோட்டை இருக்குது, ஸ்ரீபுரம் தங்கக் கோயில் இருக்குது, காட்பாடில விஐடி யுனிவர்சிட்டி இருக்குது, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு நாடு முழுக்க ஜனம் வருது, அப்புறம் ஏன் டவுனுக்குள்ள நாலு பெரிய ஓட்டல் வரல, கார்ப்பரேஷன் நிலத்த கம்மி வாடகைக்கு 30 வருஷம் லீசுக்கு விட்டு சொத்து வரிய பத்து வருஷம் தள்ளுபடி பண்ணா தானா வருவாங்கன்னு ஃப்ரெண்டு ஒருத்தன் அடிச்சி சொல்றான்.

எனக்கு மனசு ஒப்பல. மழை பேஞ்சா தெருவுல சாக்கடைத் தண்ணி முட்டி வரைக்கும் நிக்குது, அதுக்கு காசு இல்லன்றாங்க, ஓட்டல் முதலாளிக்கு மட்டும் தள்ளுபடியா? ஆனா ஓட்டல் வந்தா ஆட்டோக்காரருக்கும் கடைக்காரருக்கும் பொழப்பு, நம்ம பசங்களுக்கு வேலைன்னு அவன் சொல்றதயும் ஒரேடியா தள்ள முடியல. வெளிநாட்டுல எல்லாம் டவுன்ல ஓட்டல் கட்ட அரசாங்கமே காசு குடுக்குமாமே, அது நெசமா, குடுத்து ஊருக்கு லாபம் வந்துச்சா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. கட்சி சண்டை வேணாம் ப்ளீஸ்.

---

பாபுராவ்தெரு_லாட்ஜ்:

தம்பி, உன் ஃப்ரெண்ட ஒருநாள் காலைல ஆறு மணிக்கு எங்க தெருவுக்கு கூட்டினு வா. வேலூருக்கு யாரு வந்து தங்கறாங்கன்னு தெரியாமயே ஓட்டல் பத்தி பேசினு இருக்கீங்க.

1900ல ஐடா ஸ்கடர் அம்மா ஒத்தக் கட்டிலோட ஆரம்பிச்ச சிஎம்சி இன்னைக்கு இவ்ளோ பெருசா நிக்குது, அத்த சுத்தி இருந்த வீடுங்கதான் ஒவ்வொன்னா லாட்ஜா மாறிச்சு. எங்க கெஸ்ட்டு சுற்றுலா பயணி இல்லபா. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம், அங்கேர்ந்து ரயில்ல காட்பாடில எறங்கி ஒரு கைல பேகு ஒரு கைல எக்ஸ்ரே கவரோட வர்றவங்க. ரெண்டு நாள்ல போலாம்னு வருவாங்க, டெஸ்ட்டு மேல டெஸ்ட்டு, அப்புறம் ஆபரேஷன் தேதி, அப்புறம் ரிவ்யூன்னு மாசக்கணக்குல இழுத்துனு போவும். வந்ததும் கேக்கற மொத கேள்வி வாடகை எவ்ளோ, ரெண்டாவது கேள்வி ரூம்ல சமைக்கலாமா. ஏசி இருக்குதா, வைஃபை இருக்குதான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அதனாலதான் நாங்க கேஸ் அடுப்பு, குக்கர், ரெண்டு பாத்திரம்னு வாடகைக்கு விடறோம். சாயங்காலம் ஏழு மணிக்கு எங்க வராண்டாவுல நின்னா கடுகெண்ணெய்ல மீன் வறுக்கற வாசனை மூணு மாடிக்கும் தூக்கும், கைப்பிடிக் கம்பில முழுக்க பருத்திப் புடவை காயும், ரிசப்ஷன் போர்டு பெங்காலில இருக்கும், எங்க ரூம் பையன் திருவண்ணாமலைக்காரன், பெங்காலில பேரம் பேசறான்.

இந்த ஜனம் நாலாயிரம் ரூபா ரூமுக்கு போவுமா? போவாது. அப்ப ஸ்டார் ஓட்டல்ல யாரு தங்குவாங்க, விஐடி பட்டமளிப்புக்கு வர்ற அப்பா அம்மா, கல்யாண பார்ட்டி, கம்பெனிக்காரங்க. வரட்டும், நான் வேணாம்னு சொல்லல. அவங்களுக்காக ஹைவே மேல ஏற்கனவே கட்டறாங்க, அரசாங்கத்த கேட்டுட்டா கட்டறாங்க? வியாபாரம் இருந்தா கட்டுவான். நாங்க லாட்ஜ் கட்டனப்ப எவன் மானியம் குடுத்தான், தண்ணி பத்தாம லாரி தண்ணி வாங்கி ஓட்டறோம், சொத்து வரி 2022ல ஏத்தனப்ப வணிகக் கட்டடம்னு டபுளா கட்டினோம். எதிர்ல ஒருத்தனுக்கு பத்து வருஷம் தள்ளுபடின்னா அந்த பத்து வருஷமும் எங்க வரில அவனுக்கு தெரு பெருக்கறதுன்னுதான அர்த்தம்.

---

சும்மாபோறவன்:

ராஜா இல்லா கோட்டை, சாமி இல்லா கோயில், தண்ணி இல்லா ஆறுன்னு நம்ம ஊர சொல்வாங்க. கோட்டைக் கோயிலுக்கு சாமி 1981ல திரும்ப வந்துடுச்சு. அதுக்கு பதிலா ஆளில்லா ஓட்டல் ஒன்னு சேத்துக்கலாம் 😀

---

சத்துவாச்சாரி_ஆடிட்டர்:

லாட்ஜ் அண்ணே, கோவம் புரியுது, ஆனா மானியம்னா கைல காசு குடுக்கறது மட்டும்னு நெனச்சிக்கறோம், அதான் பிரச்சனை. ஓட்டலுக்கு ஏற்கனவே நெறைய போயினு இருக்குது, யார் கண்ணுக்கும் தெரியாது.

மொதல்ல வருமான வரி. 1961 வருமான வரிச் சட்டத்துல 35ஏடின்னு ஒரு பிரிவு, 2010 ஏப்ரலுக்கு அப்புறம் தொறந்த ரெண்டு ஸ்டார், அதுக்கு மேல உள்ள புது ஓட்டலுக்கு, நிலம் தவிர மத்த மூலதனச் செலவ முழுசா கழிச்சிக்கலாம்னு வச்சாங்க. இந்த மாதிரி கழிவ விட்டுட்டு 22 சதவீத வரி ரேட்டு எடுத்துக்கற கம்பெனிக்கு இது கிடையாது, அது வேற கணக்கு. ரெண்டாவது கடன். 10 லட்சம் ஜனத்தொகைக்கு மேல இருக்கற ஊருக்கு வெளில மூணு ஸ்டாரும் அதுக்கு மேலயும் கட்டனா அது பல வருஷமாவே உள்கட்டமைப்பு லிஸ்ட்ல இருக்குது. வேலூர் 10 லட்சம் இல்ல, அப்ப நம்ம ஊருக்கு பட்ஜெட்டுக்கு முன்னாடியே அந்த சலுகை உண்டு. கடன நீண்ட காலத்துக்கு வாங்கலாம், அதுக்குன்னே இருக்கற நிதி நிறுவனங்ககிட்ட போலாம். மூணாவது, 2023 தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை, அதுல சுற்றுலாவயும் ஒரு தொழில்துறையா ஏத்துக்கிட்டு தொழில் அந்தஸ்து குடுத்தாங்க. இவ்ளோ இருந்தும் டவுனுக்குள்ள வரலன்னா காசு மட்டும் காரணம் இல்லன்னு அர்த்தம்.

நிலம்தான் காரணம். கோட்டை தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்குது, 2010 சட்டத் திருத்தப்படி அதோட எல்லைலேர்ந்து 100 மீட்டருக்கு புதுக் கட்டடமே கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். ஊரோட நடுவுலயே கோட்டை. மிச்சம் இருக்கறது எல்லாம் பாகம் பிரிஞ்சி பிரிஞ்சி இருபதடி முப்பதடி மனை, இதுல பார்க்கிங் விட்டு தீயணைப்பு வண்டி சுத்தி வர வழி விட்டு எங்க ஓட்டல் கட்டறது. அதனாலதான் எல்லாரும் கார்ப்பரேஷன் நிலத்து மேல கண்ணு வைக்கறாங்க. லீஸ் வாடகைய மார்க்கெட் ரேட்டுக்கு கம்மியா குடுத்தா அதான் பெரிய மானியம், அது எந்த பட்ஜெட் பக்கத்துலயும் வராது, மாமன்றத் தீர்மானத்துல ஒரு வரில போயிடும்.

இன்னொன்னு, இத யாரும் யோசிக்கறதில்ல. ஓட்டல்ல ரூம் நெறைஞ்சா கார்ப்பரேஷனுக்கு இன்னா வருது? ஒன்னியும் பெருசா இல்ல. முன்னாடி ஆடம்பர வரின்னு இருந்துச்சு, அதுவும் மாநிலத்துக்குத்தான், 2017ல ஜிஎஸ்டில கரைஞ்சி போச்சு. இப்ப ரூம் வரி சென்னைக்கும் டெல்லிக்கும் போவுது, கார்ப்பரேஷனுக்கு சொத்து வரி, லைசென்ஸ், தண்ணிக் கட்டணம் அவ்ளோதான். குப்பை, சாக்கடை, டிராஃபிக் மட்டும் முழுசா இவங்க தலைல. அந்த சொத்து வரியயும் பத்து வருஷம் தள்ளுபடி பண்ணுன்னா கார்ப்பரேஷன் எதுக்கு ஓட்டல் கேக்கணும்?

ஜிஎஸ்டி கூத்து ஒன்னு சொல்லிடறேன். 2022 ஜூலை வரைக்கும் 1000 ரூபாவுக்கு உள்ள இருக்கற ரூமுக்கு வரியே இல்ல. அப்புறம் 12 சதவீதம் போட்டாங்க. 2025 செப்டம்பர்லேர்ந்து 7500 வரைக்கும் எல்லா ரூமுக்கும் 5. அப்ப ஜிஎஸ்டி கட்டற லாட்ஜா இருந்தா, கேன்சர் பேஷன்ட்டோட அம்மா தங்கற 600 ரூபா ரூமுக்கும் கம்பெனி செலவுல வர்றவர் தங்கற 7000 ரூபா ரூமுக்கும் ஒரே ரேட்டு.

---

காட்பாடிலேர்ந்து_பால்டிமோர்:

கோட்டைமதில் தம்பி, நெசம்தான், இங்க அமெரிக்கால இது சகஜம். நான் இருக்கற ஊர்லயே கண்ணு முன்னாடி நிக்குது. பால்டிமோர் டவுன்டவுன்ல கன்வென்ஷன் சென்டர், அதான் பெரிய மாநாட்டு மண்டபம், அது பக்கத்துல ஓட்டல் வேணும், தனியார் யாரும் சொந்த ரிஸ்க்குல கட்ட வரலன்னு சிட்டியே 301 மில்லியன் டாலருக்கு பாண்டு, அதான் கடன் பத்திரம் போட்டு கட்டுச்சு, 2008ல தொறந்தாங்க, 757 ரூமு, நடத்தறது ஹில்டன், ஓனர் சிட்டி. தொறந்த நேரம் பாருங்க, உலகமே பொருளாதாரத்துல கவுந்த வருஷம். அப்புறம் பல வருஷம் நஷ்டக் கணக்குதான் பேப்பர்ல வந்துனு இருந்துச்சு. பேஸ்பால் மைதானத்துக்கு பக்கத்துல இருக்குது, மேட்ச் பாக்கறவங்களுக்கு முன்னாடி தெரிஞ்ச ஊர்க் காட்சிய மறைச்சிடுச்சுன்னு திட்டறது வேற.

செயின்ட் லூயிஸ்ல இன்னும் மோசம். அங்க ரெனசான்ஸ் ஓட்டல பொதுக் காசும் கடனும் கலந்து கட்டனாங்க, 2003ல தொறந்து 2009ல பாண்டு வாங்கனவங்க கைக்கே போயிடுச்சு. ஹேவுட் சாண்டர்ஸ்னு டெக்ஸாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருத்தர் வருஷக்கணக்கா இதையே ஆராய்ச்சி பண்ணினு இருக்கார், 2005ல புரூக்கிங்ஸ்ன்ற ஆய்வு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதினார். அவர் சொல்றது, கன்வென்ஷன் சென்டருக்கு வரும்னு கன்சல்டன்ட் ரிப்போர்ட்ல காட்டற கூட்டம் நெசத்துல வர்றதில்ல, கூட்டம் வரலன்னா அப்பயாச்சும் நிறுத்தணுமே, இல்ல, பக்கத்துல ஓட்டல் இல்லாததாலதான் வரலன்னு இன்னும் காசு போடறாங்க.

இங்க எப்படி குடுக்கறாங்கன்னா, ஓட்டல் வந்ததால கூடுதலா வர்ற சொத்து வரிய ஊர் கஜானாவுக்கு எடுத்துக்காம 20, 25 வருஷம் அந்த ஓட்டல் கடனுக்கே திருப்பி விட்டுடுவாங்க. இல்லன்னா ரூம் வரிய திருப்பிக் குடுப்பாங்க. இந்த உதவி இல்லன்னா இந்த ஓட்டலே வராதுன்னு கட்டறவங்க காட்டணும்னு பல மாநிலத்துல விதி இருக்குது, ஆனா காட்டற கணக்கு அவங்களோடதுதான, வராதுன்னு எந்த முதலாளிக்கு சொல்ல தெரியாது. எல்லா ஊர்லயும் தோத்துச்சுன்னு நான் சொல்லல, நெறைய இடத்துல ஓட்டல் நல்லாவே ஓடுது. ஓட்டல் ஓடறது வேற, ஊருக்கு போட்ட காசு திரும்ப வர்றது வேற.

ஆடிட்டர் சார் சொன்ன பாயிண்ட்ட நான் இங்கேர்ந்து பாத்தா இன்னும் பளிச்சுனு தெரியுது. இங்க ரூம் வரில ஒரு பங்கு நேரா சிட்டிக்கே வரும், அதனால திருப்பிக் குடுக்கவாவது அதுங்கிட்ட ஏதோ இருக்குது. வேலூர்ல அதுவே இல்ல.

---

எஃப்அண்ட்பி_பையன்:

எல்லாரும் முதலாளி கணக்கு, வரிக் கணக்கு பேசறீங்க, வேலை செய்றவன் கணக்கு யாரும் பேசல. நான் ஓட்டல் மேனேஜ்மென்ட் படிச்சிட்டு சென்னைலயும் அப்புறம் துபாய்லயும் வேலை பாத்துட்டு அப்பாவுக்கு முடியாம ஊருக்கு வந்தவன். லாட்ஜ்ல வேலை கேட்டா 12 மணி நேரம், பிஎஃப் கிடையாது, ஈஎஸ்ஐ கிடையாது, லீவு கேட்டா நாளைலேர்ந்து வராதன்றாங்க. அண்ணன தனிப்பட்ட முறைல சொல்லல, பொதுவா தெருவே அப்படித்தான். பெரிய ஓட்டல்னா சம்பள சீட்டு, ஷிஃப்ட்டு, சாப்பாடு, ராத்திரி வேலை செய்ற பொண்ணுங்களுக்கு வண்டி. அது வரணும்னு நான் ஆசைப்படறது தப்பா? மானியம் வேணாம்னு சொல்ற எல்லாரும் அந்த பையனுங்க இன்னா பண்ணனும்னும் சொல்லுங்க.

---

கோட்டைமதில்:

எஃப்அண்ட்பி தம்பி நியாயமான கேள்வி கேட்டுட்டான். அப்ப இப்படி கேக்கறேன், எப்படியும் குடுக்கறதுன்னு மேல முடிவு பண்ணிட்டா நாம இன்னா நிபந்தனை கேக்கணும்?

---

சத்துவாச்சாரி_ஆடிட்டர்:

நான் கேக்கறது இது. நிலத்த கிரயம் பண்ணக் கூடாது, லீஸ் மட்டும், அதுவும் ஓப்பன் டெண்டர், வாடகைய மூணு வருஷத்துக்கு ஒருவாட்டி ஏத்தணும், வருமானத்துலயும் ஒரு பங்கு கார்ப்பரேஷனுக்கு வரணும், அப்பதான் ஓட்டல் ஓடினா ஊருக்கும் வரும். சொத்து வரில கை வைக்கவே கூடாது. கழிவுநீர அவங்களே சுத்திகரிச்சி தோட்டத்துக்கும் டாய்லெட்டுக்கும் விடணும், காவிரி கூட்டுக் குடிநீர்ல பெரிய கனெக்‌ஷன் குடுத்துட்டு கொணவட்டத்துல குழா காஞ்சி கெடக்கக் கூடாது. வேலை விஷயத்துல, இத்தனை பேருக்கு வேலை குடுப்போம்னு வாயால சொன்னா போதாது, பிஎஃப் கணக்குல அத்தனை பேரு இருந்தாதான் அந்த வருஷ சலுகை, இல்லன்னா இல்ல. தம்பி கேட்டதுக்கு இதான் பதில்.

அதோட, அதே காசுல ஒரு பங்க ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க தங்கறதுக்கு போடணும். சென்னைல அரசு ஆஸ்பத்திரிங்கள்ல கூட வர்றவங்களுக்கு கார்ப்பரேஷன் தங்குமிடம் நடத்துது. அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜ்ல ராத்திரி போய் பாருங்க, வராண்டால பாய் விரிச்சி படுத்துனு இருக்காங்க, அவங்களுக்கு லாட்ஜ் வாடகையும் கட்டுப்படியாவாது.

---

பாபுராவ்தெரு_லாட்ஜ்:

பிஎஃப் விஷயம் தம்பி சொன்னது சுருக்குனு இருந்தாலும் ஒத்துக்கறேன், தெருவுல அப்படித்தான் நடக்குது. ஆனா ஆடிட்டர் சார், ஒன்னு கேக்கறேன். ஸ்டார் ஓட்டலுக்கு கம்மி வட்டில நீண்ட காலக் கடன்னா எங்களுக்கும் குடுங்களேன். லிஃப்ட்டு போடணும், வீல் சேர் ஏற்ற மாதிரி சாய்தளம் போடணும், தீயணைப்புக்கு ரெண்டாவது படிக்கட்டு கேக்கறாங்க, எல்லாத்துக்கும் காசு எங்க போறது. பத்து ரூம நோயாளிங்களுக்குன்னு நீங்க சொல்ற வாடகைக்கு எழுதிக் குடுத்துடறேன், அத்த மாத்த மாட்டேன்.

---

சத்துவாச்சாரி_ஆடிட்டர்:

நல்ல யோசனைண்ணே, நெசமாவே சொல்றேன், ஸ்டார் ஓட்டலுக்கு குடுக்கறத விட இதுக்கு குடுக்கறதுதான் சரி. ஆனா பேங்க்ல மூணு வருஷ கணக்கு கேப்பான். மொதல்ல எல்லா ரூமுக்கும் பில்லு போட ஆரம்பிங்க, அப்புறம் பேப்பர எடுத்துனு ஆபீசுக்கு வாங்க.