தீபாவளி ராத்திரி அறுந்த சங்கிலியோடு வந்த நாய்: திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டுமா?

பேவ்யூவாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த், பேவ்யூ பக்கம் இருக்கிறோம். தீபாவளி அன்று ராத்திரி வெடிச்சத்தம் உச்சத்தில் இருந்த நேரம், எங்கள் கேட் இடுக்கில் புகுந்து ஒரு பெட்டை நாய் உள்ளே வந்து காருக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. கழுத்தில் அறுந்த சங்கிலி, ஒரு முழம் இருக்கும், அதையும் இழுத்துக்கொண்டே ஓடி வந்திருக்கிறது. விடியும்வரை வெளியே வரவே இல்லை. காலையில் எங்கள் ஆயா (பாட்டி) தீபாவளித் தட்டில் மிஞ்சியிருந்த முறுக்கை உடைத்து உடைத்துப் போட்ட பிறகுதான் மெல்ல மூக்கை நீட்டியது. அன்றிலிருந்து ஆயாவுக்கு அது முறுக்கு, எங்கள் எல்லோருக்கும் அதே பெயர்தான்.

வெளிச்சத்தில் பார்த்தபோது வயிற்றைக் கலக்கிவிட்டது. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். குட்டியாக இருந்தபோது போட்ட கழுத்துப்பட்டையை யாரும் தளர்த்தவே இல்லை போலிருக்கிறது, கழுத்து வளர்ந்து பட்டை சதைக்குள் இறங்கி, சுற்றிலும் சீழ். காது மடலெல்லாம் உண்ணி. கையை நீட்டினால் கண்ணை இறுக மூடிக்கொண்டு அடி விழக் காத்திருப்பது போல உடம்பைக் குறுக்குகிறது.

மூன்றாம் நாள் கடைக்காரர் சொல்லித்தான் யார் வீட்டு நாய் என்று தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி. பின்கட்டில் ஒரு கம்பத்தில் வருஷக்கணக்காகக் கட்டியே கிடந்ததாம். போய்ப் பேசினேன். அவர் நாய்க்கு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, "அப்படியா, கொண்டு வந்து விட்டுவிடு, ராத்திரி திருடன் தொல்லை" என்றார், அவ்வளவுதான். நான் இன்னும் கொண்டு போகவில்லை.

அப்பா, அடுத்தவர் உடைமை, கொடுத்துவிடு, ஒரே ஏரியாவில் பகை வேண்டாம் என்கிறார். ஆயா, அந்தக் கம்பத்துக்குத் திரும்பினால் இது செத்துவிடும் என்று அழுகிறார். தங்கை, ஃபேஸ்புக்கில் படத்தைப் போட்டு "நல்ல வீட்டுக்கு இலவசம்" என்று எழுதினால் ஒரே நாளில் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்கிறாள். நாங்களே வைத்துக்கொள்ள முடியாது, மகனுக்கு ஆஸ்துமா, நாய் முடி பட்டால் மூச்சு இரைக்கிறது. இது மாதிரி அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், என்ன செய்யலாம்?

ஃபீனிக்ஸ் அக்கா எழுதியது:

தம்பி, முதலில் ஆயாவுக்கு என் வணக்கம். பத்து வருஷத்துக்கு மேலாகத் தெரு நாய், கைவிடப்பட்ட நாய்களை வீட்டில் வைத்துத் தேற்றி வேறு வீட்டுக்கு அனுப்பும் வேலையைச் செய்கிறேன், அதனால் நேராகச் சொல்கிறேன். நாயைத் திருப்பிக் கொண்டு போகாதீர்கள், ஆனால் ஒளித்தும் வைக்காதீர்கள். இரண்டும் தப்பு. ஒளித்து வைத்தால் நாளைக்கு அவர் போலீசில் திருட்டு என்று எழுதிக் கொடுக்க இடமாகிவிடும், நாயையும் அவரே கூட்டிக்கொண்டு போவார்.

நடுவழி ஒன்று இருக்கிறது. விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.க்குப் போன் செய்து கொடுமைப் புகார் கொடுங்கள், நாய் உங்களிடம் இருப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நம் நாட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1962லேயே வந்தது. தேவையில்லாமல் கட்டிப்போடுவது, வேதனை தரும் விதத்தில் கட்டிவைப்பது, பட்டினி போடுவது எல்லாம் அதில் குற்றம். நீதிமன்றம் நினைத்தால் உரிமையாளரிடமிருந்து விலங்கை எடுத்துவிடலாம், இனிமேல் விலங்கு வளர்க்கவே தகுதியில்லாதவர் என்றும் அறிவிக்கலாம். ஆனால் எல்லா வழக்கும் கோர்ட்டுக்குப் போவதில்லை, நான் பார்த்தவரை பாதிக்கு மேல் இன்ஸ்பெக்டர் வந்து நின்று பேசியதும் "எனக்கு வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள்" என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்துதான் நமக்கு வேண்டும். அது கிடைத்த பிறகு யாரும் திரும்பி வந்து என் நாய் என்று கேட்க முடியாது.

இன்னொன்று, இது நிறையப் பேருக்குத் தெரியாது. அந்தச் சட்டத்தில் உரிமையாளர் என்றால் வாங்கியவர் மட்டும் இல்லை, விலங்கை யார் தன் பொறுப்பில் வைத்திருக்கிறாரோ அவரும்தான். இப்போது அது உங்கள் பொறுப்பு. அந்தக் கழுத்தோடு இன்னும் ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது, இன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போங்கள். போவதற்கு முன்னால் கழுத்தை, விலாவை, சங்கிலியைப் படம் எடுங்கள். அந்தச் சங்கிலியைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வையுங்கள், அதுதான் சாட்சி. தோலுக்கு அடியில் வைக்கிற அடையாளச் சிப், அதாவது மைக்ரோசிப், இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யவும் சொல்லுங்கள்.

தங்கையிடம் சொல்லுங்கள், "இலவசம்" என்ற சொல்லை மட்டும் போடவே வேண்டாம். நாய்ச்சண்டை நடத்துகிறவர்கள் அந்தச் சொல்லைத் தேடித்தான் வருகிறார்கள், சாதுவான நாயைச் சண்டை நாய்களைப் பழக்குவதற்கு இரையாகப் போடுவார்கள். எஸ்.பி.சி.ஏ.காரர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டார்கள். இப்போது உங்களிடம் இருப்பது அடித்தாலும் கடிக்காத, குறுகிப் படுக்கிற பெட்டை நாய். யோசித்துப் பாருங்கள்.

மாரிட்ஸ்பர்க் நர்ஸ் எழுதியது:

கால்நடை கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். அக்கா சொன்னதெல்லாம் சரி, நான் உடம்பு விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன்.

பட்டையை வீட்டில் வெட்டி இழுக்க வேண்டாம். சதை அதன்மேல் வளர்ந்திருக்கும், இழுத்தால் ரத்தம் நிற்காது. மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். வலிக்குது என்று பாவப்பட்டு நம் பாரசிட்டமால் மாத்திரையையும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு ஆபத்து, உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது பூனை இருந்தால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள், பூனைக்கு அது விஷமேதான்.

உண்ணி இவ்வளவு இருந்தால் எனக்கு முதல் பயம் பில்லியரி. நம் ஊரில் நாயை வேகமாகக் கொல்கிற நோய் அது, உண்ணி கடியிலிருந்து ரத்தத்துக்குள் போய்ச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஸ் நிறமாக இருக்க வேண்டும், வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால், அல்லது சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் போனால், காலை வரைக்கும் காத்திருக்காதீர்கள். நேரத்தில் ஊசி போட்டால் பிழைக்கும்.

சாப்பாடு. பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் அதுவே ஆபத்தாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு நாலு வேளை, வெந்த கோழியும் சோறும் போதும். ஆயாவின் பாசம் புரிகிறது, முறுக்கு ஒரு நாளோடு நிற்கட்டும். முக்கியமாகத் தீபாவளி இனிப்பில் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், வெங்காயமும் ஆகாது.

கடைசியாக வெறிநோய். நம் குவாசூலு நட்டால் மாகாணத்தில் இது ஏட்டில் இருக்கிற நோய் இல்லை, 2021இல் டர்பன் பக்கமே பரவியது. நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசி போட வேண்டும் என்பது நாடு முழுக்கச் சட்டம். முறுக்குக்கு யாரும் ஊசி போட்டிருக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் மகனை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், நீங்களும் வாய்ப்பக்கம் கையைக் கொண்டு போகாதீர்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே கிளினிக்குக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். மனிதனுக்கு அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற மருந்து கிடையாது. நாய்க்கு ஊசி அரசு கால்நடை மருத்துவர்களிடம் இலவசம்தான்.

வெருலம் பெரியவர் எழுதியது:

எல்லோரும் அந்த மனிதரை ஒரே அடியாகக் கொடுமைக்காரர் ஆக்கிவிட்டோம். கொஞ்சம் பொறுங்கள். நானே என் நாயை ஏழு வருஷம் கட்டிப்போட்டவன். எங்கள் வேலி உடைந்திருந்தது, சரி செய்யக் காசில்லை, அவிழ்த்துவிட்டால் ரோட்டுக்கு ஓடி வண்டியில் அடிபடும் என்று கட்டினேன். என் அப்பாவும் கட்டினார், அவர் அப்பாவும் கட்டினார், கரும்புத் தோட்டத்து வீடுகளில் நாய் என்றாலே கட்டிப்போடுவதுதான். நான் கெட்டவன் என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் ஒரு இன்ஸ்பெக்டர் பெண் வந்து, "ஐயா, இது காவல் காக்கவில்லை, பயத்தில் குரைக்கிறது, திருடன் வந்தால் சங்கிலி நீளம் வரைக்கும்தானே போகும்" என்றாள். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. வேலிக்கு அவர்களே பழைய கம்பி கொடுத்து உதவினார்கள். கடைசி நாலு வருஷம் அந்த நாய் ராத்திரி என் கட்டில் காலடியில்தான் படுத்தது.

ஆனால் கழுத்து சதைக்குள் பட்டை இறங்கும்வரை பார்க்காமல் இருந்தது வேறு. அதற்கு நான் சாக்குச் சொல்ல மாட்டேன். தண்ணீர் வைக்கப் போனால்கூடக் கண்ணில் பட்டிருக்கும். தம்பி, புகார் கொடுங்கள், ஆனால் கொடுத்த பிறகு அவரிடம் போய் ஒரு தடவை மரியாதையாகப் பேசுங்கள். இந்த நாய் போய்விட்டால் அந்தக் கம்பத்தில் அடுத்த குட்டியைக் கட்டுவார். அதைத் தடுக்க இன்ஸ்பெக்டரைவிடப் பக்கத்துத் தெருக்காரரால்தான் முடியும்.

பேவ்யூவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, அன்றைக்கே கிளம்பிவிட்டோம். முதலில் போன இடத்தில் காசு முன்னால் கட்டாமல் தொட மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், எனக்குக் கோபத்தில் கை நடுங்கியது. அப்புறம் ஸ்பிரிங்ஃபீல்டில் எஸ்.பி.சி.ஏ.க்கே நேராகப் போய்விட்டோம். பட்டையை மயக்கம் கொடுத்து எடுத்துத் தையல் போட்டார்கள். பில்லியரி இருந்தது, நர்ஸ் சொன்ன மாதிரியே ஈறு வெளுத்திருந்தது, ஊசி போட்டாயிற்று. சிப் கிடையாது. புகாரும் எழுதிக் கொடுத்தேன், சங்கிலியையும் ஒப்படைத்தேன்.

இன்ஸ்பெக்டர் போன அன்றே அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். வெருலம் ஐயா சொன்னபடி சாயங்காலம் நானும் போனேன், ஆயாவும் கூட வந்தார். ஆயாவைப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி இறந்த பிறகு பின்கட்டுப் பக்கமே போவதில்லை, ஒரு பையன்தான் எதையாவது போட்டுவிட்டு வருவான் என்றார். எனக்கு முழுசாக மன்னிக்க வரவில்லை, ஆனால் இனி நாய் வேண்டாம், கேட்டுக்கு விளக்குப் போடப் போகிறேன் என்று ஆயாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இப்போது புதுக் கேள்வி. முறுக்கைத் தேற்றி அனுப்பும் வரை எங்கள் வராந்தாவில் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறோம், மகன் உள்ளே, நாய் வெளியே. கேட்டு வருகிறவர்களில் யாரை நம்புவது?

ஃபீனிக்ஸ் அக்கா எழுதியது:

தம்பி, படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. ஆயாவைக் கூட்டிக்கொண்டு போனது பெரிய விஷயம்.

யாரை நம்புவது என்பதை நான் ஒரு நாயைத் தொலைத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் ஒரு குடும்பம் வந்தது, நல்ல கார், நல்ல பேச்சு, குழந்தைகள் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வீட்டைப் பார்க்காமல், கருத்தடையும் செய்யாமல் கொடுத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்துப் போனால் அங்கே நாய் இல்லை. சினையாகிவிட்டது, அதனால் யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள், யார் என்று அவர்களுக்கே தெரியவில்லை. நாய்க்குச் சினைக்காலம் ரெண்டே மாதம்தான், குட்டிகளோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் எத்தனை உயிர் எங்கே போயிற்றோ. இன்றைக்கும் அந்தத் தெருப் பக்கம் வண்டியில் போகும்போது கண் ரெண்டு பக்கமும் தேடும்.

அதனால் இப்போது நானே வீட்டுக்குப் போகாமல் ஒரு நாயையும் கொடுப்பதில்லை. போனால் வரவேற்பறையில் உட்கார மாட்டேன், பின்கட்டுக்குத்தான் போவேன். அங்கே தேய்ந்த கம்பமோ சங்கிலியோ கிடந்தால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். இதற்கு முன்னால் வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள், அந்தப் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். வயதாகிச் செத்தது என்று பெயரோடு, எந்த வருஷம் என்று சொல்கிறவர்களை நம்பலாம், "எங்கேயோ போயிற்று" என்கிறவர்களை வேண்டாம். வீட்டில் எல்லோரும் சம்மதமா, வாடகை வீடு என்றால் சொந்தக்காரர் சம்மதமா, வெடிக்கிற ராத்திரியில் நாய் எங்கே படுக்கும், இதெல்லாம் கேட்க வெட்கப்படாதீர்கள். கோபப்பட்டால் படட்டும். கருத்தடை, ஊசி, சிப் மூன்றும் ஆன பிறகுதான் கையில் கொடுங்கள். தையல் ஆறிய பிறகு கருத்தடை செய்துகொள்ளலாம், அவசரம் இல்லை. எஸ்.பி.சி.ஏ. மூலமாகவே தத்துக் கொடுத்தால் வீட்டைப் பார்க்கும் வேலையை அவர்களே செய்வார்கள், உங்களுக்கும் பாரம் குறையும்.

பேவ்யூவாசி எழுதியது:

மூன்று குடும்பம் கேட்டு வந்தது. முதலாவது குட்டி போடுமா என்று கேட்டது, அங்கேயே நிறுத்திவிட்டோம். இரண்டாவது வீட்டுப் பின்கட்டில் அக்கா சொன்ன கம்பம் இருந்தது, டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

மூன்றாவது, ஷால்கிராஸில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மாவும் அவர் அக்காவும். முந்தைய நாய் படம் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறது, பதினாலு வயது வரை இருந்ததாம். எஸ்.பி.சி.ஏ. ஆள் வந்து வீட்டைப் பார்த்துச் சரி என்றார். போன சனிக்கிழமை கொண்டு போய் விட்டோம். முதல் ஒரு மணி நேரம் காருக்கு அடியிலேயேதான் படுத்திருந்தது. ஆயா கீழே உட்கார்ந்து கூப்பிட்டார், வரவில்லை. டீச்சரம்மா சமையலறைக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, யாரும் பார்க்காதீர்கள், பேசாமல் உள்ளே வாருங்கள் என்றார். நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நகம் தரையில் படுகிற சத்தம் கேட்டது. வாசல்படி வரைக்கும் வந்து, நின்று, பிறகு உள்ளே வந்து அடுப்புப் பக்கம் படுத்துக்கொண்டது.

பெயரை மாற்றட்டுமா என்று டீச்சரம்மா கேட்டார். ஆயா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார்.