வெந்நீர் வரவில்லையா? உடனே ஸ்பேனரைத் தூக்க வேண்டாம்

இங்கிலாந்தில் வந்து இறங்கிய ஒரு வாரத்துக்குள் நம் கோவை, ஈரோடு, திருப்பூர் ஆட்கள் தவறாமல் கேட்பது, "ஏனுங்ண்ணா, கீசர் எங்க இருக்கு, சுடுதண்ணியே வரலைங்களே". பாத்ரூமில் தேடினால் கிடைக்காது. கேஸ் பாய்லர் இல்லாத வீடென்றால் ஏதோ ஓர் அலமாரிக்குள் பெரிய சிலிண்டர் ஒன்று நிற்கும். ஊரில் பக்கெட்டில் போடுவோமே ஹீட்டர் ராடு, அதையே டேங்குக்குள் நிரந்தரமாகத் திருகி வைத்த மாதிரிதான் இந்த இம்மர்ஷன் ஹீட்டர்.

ஊர் கீசர் 15 லிட்டர், 2 கிலோவாட், கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். இங்கே 120 லிட்டருக்கு 3 கிலோவாட்தான், பச்சைத் தண்ணீர் முழுக்கக் காய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் சுவிட்சைப் போட்ட கையோடு ரிப்பேர் என்று முடிவு கட்டாதீர்கள். இரவு மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் எகானமி 7 மீட்டர் இருந்தால் பெரும்பாலும் எலிமென்ட் (சூடாக்கும் ராடு) இரண்டு இருக்கும்: கீழே உள்ளது ராத்திரி ஓடும், மேலே உள்ளது பகலில் அவசரத்துக்கு. ஒரு ஆள் குளித்ததுமே தண்ணீர் ஆறிவிடுகிறதா, கீழ் எலிமென்ட்டைச் சந்தேகப்படுங்கள்.

வாடகை வீடா? மூடியைக்கூடக் கழற்ற வேண்டாம். இங்கிலாந்தில் வழக்கமான வாடகைக்கு 1985-ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-வாடகைதாரர் சட்டத்தின் (Landlord and Tenant Act) 11-ஆம் பிரிவுப்படி வெந்நீர் ஏற்பாட்டைப் பழுது பார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. போட்டோ எடுத்து ஏஜென்டுக்கு ஈமெயிலில் அனுப்புங்கள், போனில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. "எங்க மாமா பீளமேட்டுல மோட்டார் காயில் கட்டறவருங்க, நானே பார்த்துக்குவேன்" என்கிற தைரியம் நமக்கு ஜாஸ்தி. சொந்த வீடு வாங்கிய பிறகு காட்டிக்கொள்ளலாம்.

சொந்த வீடு என்றாலும் முதலில் சிலிண்டர் எந்த வகை என்று பாருங்கள். பரணில் தண்ணீர்த் தொட்டி இல்லாமல் நேராக மெயின் பைப்பின் அழுத்தத்தில் ஓடுவது என்றால் அந்த வகை சிலிண்டருக்கென்றே உள்ள ஜி3 (G3) தகுதி பெற்றவரைக் கூப்பிடுங்கள், அது வெடிக்கக்கூடிய சாமான். பரணில் தொட்டியும் கீழே செம்பு சிலிண்டரும் இருக்கிற பழைய ஏற்பாடு என்றால், கரண்ட் வேலை கைப்பழக்கம் உள்ளவர்கள் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் சாமான்) வரை பார்க்கலாம்.

சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, எம்.சி.பி.யையும் இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். தெர்மோஸ்டாட் தலையில் சின்னதாக ஒரு ரீசெட் பட்டன் இருக்கும், தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் அது எகிறிக்கொள்ளும். ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். மறுபடி எகிறினால் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருக்காமல் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். அதன் கம்பி தனிக் குழலுக்குள் நிற்பதால் தண்ணீரை வடிக்கத் தேவையில்லை. கம்பியின் நீளத்தை அளந்து அதே அளவு வாங்க வேண்டும், 11 அங்குலமும் 7 அங்குலமும்தான் அதிகம் புழங்குவது. 60 டிகிரியில் வையுங்கள். கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று 45-க்கு இறக்கினால் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

ரீசெட்டில் ஒன்றும் இல்லையா, எலிமென்ட்டின் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். நல்ல 3 கிலோவாட் எலிமென்ட் 18, 19 ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. சுவிட்சைப் போட்டதும் ஆர்.சி.டி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுகிறதென்றால் உறையில் ஓட்டை விழுந்து எர்த் கசிகிறது. சாதா மீட்டரில் அது பல சமயம் சிக்காது, கசிவைச் சோதிக்கும் மெக்கர் கருவி வேண்டும் (மோட்டார் காயில் மாமாவுக்குத் தெரியும்). அப்புறம் சுவிட்சையும் ஒயரையும் மறக்காதீர்கள். மணிக்கணக்கில் 13 ஆம்பியர் ஓடுவதால் ஸ்க்ரூ கொஞ்சம் லூசானாலும் கருகிவிடும். சூடு தாங்கும் ஒயர்தான் போட வேண்டும், சாதா பிவிசி ஒயர் மொறுமொறுவென்று உடைந்து கொட்டும்.

தண்ணீர் கொதிக்கிற சத்தமோ, பரண் தொட்டியில் ஆவியோ வந்தால் ஆராய்ச்சியெல்லாம் அப்புறம், முதலில் அணையுங்கள். பிளாஸ்டிக் தொட்டி இளகி, மொத்தச் சுடுதண்ணீரும் கீழே இருப்பவர் மேல் கொட்டிவிடும்.

சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்கு லண்டன் தண்ணீர் ஏமாற்றம்தான், சுண்ணாம்பு அதிகம். எலிமென்ட் மேல் வெள்ளையாகக் கெட்டித்துப்போய்ச் சீக்கிரமே கருகும். மாற்றும்போது இன்கலாய் (Incoloy) என்கிற உலோகக் கலவை உறை போட்டதாகக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் மாற்றுகிற வேலையைப் பிளம்பரிடம் விடுவதே மேல் என்பேன். பழைய செம்புத் தகடு மெல்லிசு, வருஷக்கணக்கில் இறுகிய எலிமென்ட்டைப் பலங்கொண்டு திருகினால் சிலிண்டரே கிழியும். இன்னொன்று, வெந்நீர் சிலிண்டரின் மேலிருந்துதான் வெளியே போகிறது. அதனால் வால்வை மூடி, குழாயில் தண்ணீர் நின்றுபோனாலும் சிலிண்டர் நிறைந்தபடியேதான் இருக்கும். அடியில் உள்ள டிரெயின் வால்வில் ஓஸ் பைப் மாட்டி வெளியே விட்டால்தான் காலியாகும்.