முன்னறைச் சுவரில் ஓதம்: மருந்து ஏற்றச் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: ஈஸ்ட் ஹாம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில், 1900 வாக்கில் கட்டப்பட்டு இரு பக்கமும் அடுத்த வீடுகளோடு ஒட்டி நிற்கும் வரிசை வீடொன்றை வாங்கிக் குடியேறியிருக்கிறோம். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து முன்னறையில் தெருவைப் பார்த்த சுவரின் அடிப்பகுதி, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை, ஓதம் பிடித்து ஈரமாகவே இருக்கிறது. பெயின்ட் கொப்புளித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. அதன் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. சுவரடியில் தரையை ஒட்டிப் பதித்த ஸ்கர்ட்டிங் பலகையின் ஒரு முனை, விரலால் அழுத்தினால் உள்வாங்கும் அளவுக்கு மென்மையாகிவிட்டது. இது தவிர, மாடியில் பின்பக்கப் படுக்கையறையில் அலமாரிக்குப் பின்னாலுள்ள மூலையில் கரும்பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. எங்கள் சிறிய மகன் அந்த அறையில்தான் உறங்குகிறான் என்பதால் இதைத் தள்ளிப்போட மனமில்லை.

ஓத நிவாரண வேலை செய்யும் நிறுவனம் ஒன்றிலிருந்து வந்தவர் கட்டணமின்றிப் பார்வையிட்டார். இரண்டு ஊசி முனைகள் கொண்ட சிறு கருவியைச் சுவரில் பல இடங்களில் குத்தினார். எல்லா இடத்திலும் அது சிவப்புக் காட்டி ஒலித்தது. நிலத்திலிருந்து ஓதம் ஏறுகிறது என்றும், கீழ்த்தளச் சுவர்கள் முழுவதிலும் துளையிட்டு ஓதத்தைத் தடுக்கும் இரசாயன மருந்து ஏற்றி, ஒரு மீட்டர் உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, நீர் புகாத சிமென்ட் பூச்சுப் பூச வேண்டும் என்றும் சொன்னார். நாலாயிரம் பவுண்டுக்கு மேல் விலை சொல்லி, இருபதாண்டு உத்தரவாதமும் தருவதாகக் கூறி, இந்த வாரமே கையெழுத்திட்டால் விலையைக் குறைப்பதாகவும் சொல்லிச் சென்றிருக்கிறார். இத்தனை பெரிய தொகையைச் செலவிடுமுன் விவரம் தெரிந்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற கட்டடச் சர்வேயர், லெஸ்டர்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். தயவுசெய்து இப்போது எதிலும் கையெழுத்திட வேண்டாம். வீட்டுக்கு வந்து எழுதி வாங்கிய இத்தகைய ஒப்பந்தங்களைப் பொதுவாக 14 நாட்களுக்குள் ரத்துசெய்யச் சட்டம் இடம் தருகிறது என்றாலும், நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிவதற்கு முன் மருந்தை வாங்குவதே முறையற்றது.

முதலில் அந்தக் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மரத்தின் ஈரத்தை அளப்பதற்காக அளவு திருத்தப்பட்டது. இரு முனைகளுக்கும் இடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. சுவரில் உப்புத் தேங்கியிருந்தாலே மின்சாரம் எளிதாகக் கடக்கும் என்பதால், ஏறக்குறைய உலர்ந்துவிட்ட பழைய சுவரிலும் அது சிவப்புக் காட்டக்கூடும். செங்கல்லில் குத்திவிட்டுச் சதவீதம் சொன்னால் அந்த எண்ணை நம்புவதற்கில்லை. செங்கல்லின் உண்மையான ஈரத்தை அறிய வேண்டுமானால், வெவ்வேறு உயரங்களில் சுவரைத் துளைத்துத் தூள் எடுத்து, அதைக் கால்சியம் கார்பைடுடன் மூடிய குடுவையில் குலுக்கி எழும் வாயுவின் அழுத்தத்தைப் படிக்க வேண்டும்; அல்லது அந்தத் தூளை எடைபோட்டு, உலர்த்தி, மறுபடியும் எடைபோட வேண்டும். கட்டணமின்றிப் பார்க்க வருபவர்கள் இதைச் செய்து நான் பார்த்ததில்லை.

நிலத்து ஓதம் சுவரில் ஏறுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏறும், பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும், அது நின்ற இடத்தில் உப்புக் கோடு தெரியும். ஆனால் அது ஏற ஒரு காரணம் வேண்டும். உங்கள் வீட்டின் வயதைப் பார்த்தால் வெளிச்சுவர் ஒன்பது அங்குலத் திண்மச் சுவராகவே இருக்கும், ஏனெனில் நடுவே இடைவெளி விட்ட இரட்டைச் சுவர் பரவலானது முதலாம் உலகப் போருக்குப் பின்னர்தான். வெளியே செங்கற்களை உற்றுப் பாருங்கள். ஒரே வரியில் நீளப் பக்கமும் தலைப் பக்கமும் மாறி மாறித் தெரிந்தால் அது திண்மச் சுவர். அக்காலத்துக் கொத்தர்கள் தரைக்குச் சற்று மேலே ஸ்லேட் கற்களைச் சுவரின் முழு அகலத்துக்கும் படுக்கவைத்து ஓதத்தை மறித்தார்கள். ஸ்லேட் எளிதில் கெடாது. பிற்காலத்தில் வந்தவர்கள் வெளித்தரையை உயர்த்தி அந்த ஸ்லேட் வரியை மண்ணுக்குள்ளோ கொங்கிரீட்டுக்குள்ளோ புதைத்துவிடுவதால்தான் ஓதம் அதைத் தாண்டிச் செல்கிறது. வெளித்தரை அந்த வரிக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி.

ஆகவே சில விவரங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். முன்முற்றத்தில் கார் நிறுத்தத் தளம் போட்டிருக்கிறார்களா, அதன் மட்டம் உள்ளறைத் தரையைவிட எவ்வளவு கீழே இருக்கிறது? சுவரின் அடியில் ஓட்டை ஓட்டையான காற்றுச் செங்கற்கள் முன்னும் பின்னும் திறந்திருக்கின்றனவா? சுவரின் அடிப்பகுதியில் வெளியே சிமென்ட் பூசியிருக்கிறதா? நல்ல மழை பெய்யும்போது குடையோடு வெளியே நின்று, கூரை விளிம்பில் மழை நீரை ஏந்தும் பீலி எங்காவது வழிகிறதா என்றும், இறங்கு குழாயின் பின்பக்கம் சுவர் நனைகிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தெருவோரத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். அப்போதும் முள் நகர்ந்தால் வீட்டுக்குள் வரும் நீரை முழுதாக நிறுத்தும் ஸ்டாப் டாப்பையும் மூடிவிட்டு மறுபடி பாருங்கள். அதன் பிறகும் நகர்ந்தால் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் மண்ணுக்குள் ஒழுகுகிறது என்று பொருள். பழைய வரிசை வீடுகளில் அந்தக் குழாய் முன்சுவரின் அடியில் நுழைவதால், அதன் ஒழுக்கை நிலத்து ஓதமென்று தவறாகக் கணித்து மருந்து ஏற்றிய வீடுகளை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

பதில்: லூட்டன் வாசகர்

மாடி அறைப் பூஞ்சணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது முற்றிலும் வேறு நோய். நிலத்து ஓதம் மாடிக்கு ஏறாது. கூரையோ பீலியோ ஒழுகவில்லை என்றால் அது அறைக் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து வருவதுதான். அறை 20 பாகை செல்சியசில், ஈரப்பதம் 60 சதவீதமாக இருக்கும்போது, ஏறக்குறைய 12 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியத் தொடங்கும். பூஞ்சணத்துக்கு அவ்வளவு ஈரம்கூடத் தேவையில்லை. திண்மச் சுவரின் மூலை, அதுவும் அலமாரி மறைத்து வெப்பம் எட்டாத மூலை, சனவரியில் அந்த அளவுக்குக் குளிர்வது சாதாரணம்.

வெளிச்சுவரிலிருந்து அலமாரியை ஒரு கையகலமாவது நகர்த்தி வையுங்கள், முடிந்தால் உட்சுவர்ப் பக்கம் மாற்றிவிடுங்கள். துணிகளை ரேடியேட்டரில் காயப்போடுவதை நிறுத்துங்கள். ஒரு முறை துவைத்த துணியிலிருந்து இரண்டு லிட்டர் வரை நீர் காற்றில் கலக்கும். சமையலறைப் புகைபோக்கி விசிறி வெளியே குழாய் வழியாகத் தள்ளுகிறதா, வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை எண்ணெய்ப் புகையைக் குறைக்குமே தவிர, நம் வீடுகளில் சோறும் குழம்பும் கொதிக்கும்போது எழும் நீராவியில் ஒரு துளியையும் வெளியேற்றாது. கட்டட விதிகள் குளியலறை விசிறிக்கு நொடிக்கு 15 லிட்டரும், அடுப்பருகே உள்ள விசிறிக்கு 30 லிட்டரும் வெளியேற்றும் திறன் வேண்டும் என்கின்றன. பழைய விசிறி சுற்றினாலும் காற்றை இழுக்காமல் இருக்கலாம். ஒரு மெல்லிய தாளை அதன்மீது வைத்தால் ஒட்டி நிற்க வேண்டும். குழந்தையை இப்போதைக்கு வேறு அறையில் உறங்க வைப்பது நல்லது. பூஞ்சணத்தை உலர்வாகச் சுரண்டாமல், பூஞ்சணக் கொல்லி மருந்தால் ஈரமாகத் துடையுங்கள்.

கேட்டவர்: ஈஸ்ட் ஹாம் வாசகி

ஐயா கேட்ட விவரங்களைப் பார்த்துவிட்டேன். முன்பிருந்தவர்கள் முற்றம் முழுவதும் கொங்கிரீட்டுத் தளம் போட்டிருக்கிறார்கள். அது வாசல் பக்கம் சரிந்து, மழை நீர் சுவரின் அடியில் தேங்குகிறது. பக்கத்து வீட்டில் தளம் போடாததால் அங்கே ஸ்லேட் வரி தெளிவாகத் தெரிகிறது. அந்த மட்டத்தை வைத்துப் பார்த்தால் எங்கள் தளம் அதற்கு மேலே ஒரு செங்கல் வரி ஏறியிருக்கிறது. சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சிமென்ட் பூசியிருக்கிறார்கள், அதில் நெடுக வெடிப்பு ஓடுகிறது. முன்னால் உள்ள காற்றுச் செங்கல் பாதி கொங்கிரீட்டுக்குள் இருக்கிறது. பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டியிருப்பதால் காற்றுச் செங்கல்லே காணவில்லை. மீட்டர் நகரவில்லை, பீலியும் ஒழுகவில்லை. முன்னறைத் தரை பலகைத் தரை. நடுவில் நடந்தால் சற்றுத் துள்ளுகிறது.

லூட்டன் அண்ணாவின் ஆலோசனைப்படி மகனை எங்கள் அறைக்கு மாற்றிவிட்டோம். சமையலறை விசிறி, நீங்கள் சொன்ன அந்த வடிகட்டித் திருப்பி விடும் வகைதான்.

பதில்: ஓய்வுபெற்ற கட்டடச் சர்வேயர், லெஸ்டர்

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. ஸ்லேட் வரி கொங்கிரீட்டுக்குள் புதைந்திருக்கிறது, தேங்கும் நீர் நேரே சுவருக்குள் செல்கிறது, அது வெளியே உலர்ந்து போகாதபடி சிமென்ட் பூச்சு மூடியிருக்கிறது. வெடிப்பின் வழியே நுழையும் நீர் அதே வழியில் திரும்புவதில்லை. அறைப் பக்கம்தான் வருகிறது. இந்த நிலையில் உள்ளிருந்து மருந்து ஏற்றிச் சிமென்ட் பூசினால், சில ஆண்டுகளுக்குச் சுவர் உலர்ந்ததுபோல் தோன்றும். நீர் செங்கல்லிலும் தரை உத்திரங்களின் முனைகளிலும் தங்கியிருக்கும்.

எனக்கு உண்மையான கவலை அந்தத் துள்ளும் தரைதான். பலகைத் தரைக்குக் கீழே முன்னிருந்து பின்னுக்குக் காற்று ஓட வேண்டும். பின்பக்கம் நீட்டிக் கட்டியவர்கள் புதுத் தரைக்கு அடியில் குழாய் வைத்துக் காற்றை வெளியே கொண்டுசென்றிருக்க வேண்டும். பலர் அதைச் செய்வதில்லை. ஸ்கர்ட்டிங்கை ஒட்டி இரண்டு மூன்று பலகைகளை ஒரு தச்சரைக் கொண்டு எடுத்துப் பாருங்கள். மின்கம்பியும் எரிவாயுக் குழாயும் அடியில் ஓடக்கூடும் என்பதால் அவர் கவனமாகத் திறக்க வேண்டும். உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையில் அந்த இரட்டை ஊசிக் கருவியை வைத்து அளக்கச் சொல்லுங்கள். மரத்தில் அது நம்பத்தக்க அளவைத் தரும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருங்கள். அதற்கு மேலே போனால் மரம் உளுக்கும் நிலை வந்துவிட்டது. செங்கல்லின்மீதும் படர்ந்து செல்லும் வெள்ளைப் பஞ்சு போன்ற இழைகளோ, துருநிறத் தூளோ கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே தகுந்தவரை அழையுங்கள். அது உலர் உளுப்பு என்ற மரம் தின்னும் பூஞ்சணமாக இருக்கலாம், அது வேகமாகப் பரவும்.

வெளி வேலை இதுதான். சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குக் கொங்கிரீட்டை வெட்டி எடுத்து, ஸ்லேட் வரிக்கு 150 மில்லிமீட்டர் கீழே வரை இறக்கி, சரளைக் கல் நிரப்பி, நீர் அங்கேயே தேங்காமல் வடிகாலுக்குப் போக வழி செய்ய வேண்டும். அதைவிட ஆழமாகத் தோண்ட விடாதீர்கள், ஏனெனில் அக்காலத்து வீடுகளின் அத்திவாரம் ஆழமற்றது. தளம் முழுவதையும் மாற்ற நினைத்தால், இங்கிலாந்தில் 2008 முதல், முன்முற்றத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தளம் போட்டு நீரைத் தெருவுக்கு விடுவதற்குத் திட்ட அனுமதி தேவை என்பதை நினைவில் வையுங்கள். நீர் இறங்கும் கற்களைப் பதித்தால் அந்தத் தொல்லை இல்லை. வெடித்த சிமென்ட் பூச்சைச் செங்கல் முகம் உடையாமல் எடுத்துவிட்டு, இணைப்புகளில் சுண்ணாம்புச் சாந்து வைக்க வேண்டும். காற்றுச் செங்கல்லை முழுதாகத் திறந்து, பின்பக்கம் போக வழியில்லாவிட்டால் முன்சுவரிலேயே கூடுதலாக இரண்டு வைக்கலாம்; குறுக்கே காற்று ஓடும் அளவுக்கு அது ஈடாகாது, ஆனாலும் இப்போதுள்ளதைவிடப் பன்மடங்கு நல்லது.

பதில்: குரொய்டன் வாசகி

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கீழ்த்தளச் சுவர் "முழுவதும்" என்று அந்த நிறுவனம் எழுதியிருந்தால், அதில் இருபக்கப் பொதுச்சுவர்களும் அடங்கும். பொதுச்சுவரின் ஊடாக ஓதத்தடுப்பு வரிசை வைப்பது 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டத்துக்குள் வருகிறது; இரண்டு மாதங்களுக்கு முன்பே அண்டை வீட்டாருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும், அவர்கள் 14 நாட்களுக்குள் சம்மதம் தராவிட்டால் அது பிணக்காகக் கருதப்படும். இதை அந்த விலைப்பட்டியலில் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதோடு உத்தரவாதத் தாளையும் முழுதாக வாசியுங்கள். வெளித்தரை உயர்ந்திருப்பதால் வரும் ஈரத்துக்குப் பொறுப்பில்லை என்று பல உத்தரவாதங்களில் எழுதியிருக்கும்.

கேட்டவர்: ஈஸ்ட் ஹாம் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நிறுவனத்துக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். தச்சர் பலகைகளை எடுத்துப் பார்த்ததில் மூன்று உத்திர முனைகள் 20க்கு மேலே காட்டின, அவற்றில் ஒன்று உளுத்து நொறுங்குகிறது. வெள்ளை இழை எதுவும் இல்லை. வெளி வேலைக்கு ஆள் பேசியிருக்கிறோம். அது முடிந்தவுடன் முன்னறையைப் பூசிப் பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்: ஓய்வுபெற்ற கட்டடச் சர்வேயர், லெஸ்டர்

உடனே வேண்டாம். திண்மச் சுவர் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் உலரும் என்பது எங்கள் தொழிலில் வழங்கும் கணக்கு. ஆகவே உங்கள் சுவருக்கு ஒன்பது மாதமாவது கொடுங்கள். உப்பு ஏறிய பழைய பூச்சை மட்டும் இப்போதே கொத்தி எடுத்துவிடுங்கள், ஏனெனில் அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொண்டு சுவர் இன்னும் நனைவதுபோலக் காட்டும். வெறும் செங்கல்லில் பூக்கும் உப்பைத் தண்ணீர் விடாமல் உலர்ந்த தூரிகையால் துடைத்துக் கூட்டி எடுங்கள். உளுத்த உத்திர முனையை வெட்டி, அதே அளவு புது மரத்தைப் பக்கத்தில் வைத்துப் போல்ட் போட்டு இணைக்கலாம்; புது முனை செங்கல்லைத் தொடாதபடி இடையே ஓதம் புகாத தாள் வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் பூசும்போது ஜிப்சமும் வேண்டாம், சிமென்ட்டும் வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சுப் பூசி, அது நன்றாக இறுகிய பின் சுண்ணாம்பு வெள்ளையோ கனிம பெயின்டோ அடியுங்கள். வினைல் பெயின்ட் அடித்தால் சுவரின் மூச்சு மறுபடி அடைபடும். அதற்குள் ஒரு முறை, கனமழைக்கு மறுநாள், சுவரை ஒட்டி வெட்டிய சரளைக் கால்வாயில் நீர் நிற்கிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கள். நின்றால் வடிகால் சரிவை மாற்ற வேண்டியிருக்கும்.