புதுப்பிப்பு: ஏற்காடு பிறந்தநாள் சைக்கிள் பயணம், பிரேக் சூடாகும் பிரச்சினை தீர்ந்தது

நண்பனின் 40-வது பிறந்தநாளுக்கு எம்டிபி (மலைப்பாதைகளுக்கான) சைக்கிளில் சேலத்திலிருந்து ஏற்காடு போகிறோம், இறக்கத்தில் டிஸ்க் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆறு பேரும் நல்லபடியாகப் போய் வந்தோம்.

கைகொடுத்த யோசனை இதுதான்: பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கக் கூடாது, வளைவுக்கு முன்பே முன், பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கை விட்டுவிட வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்துக்கு ஒருமுறை நின்று டிஸ்க்கை ஆறவிட்டோம். பிரேக் லீவர் (கைப்பிடி) கடைசிவரை இறுக்கமாகவே இருந்தது. பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பட்டை) மாற்றத் தேவைப்படவில்லை.

எதிர்பாராதது குரங்குகள்! கேக் டப்பாவைத் திறந்த நொடியில் தூக்கிக்கொண்டு போய்விட்டன. அப்புறம் கடலை மிட்டாயில் மெழுகுவத்தி செருகி வாழ்த்துப் பாடினோம். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.